அன்று கடையில் ஓடிய பாட்டு

யங்ஸ்டவுன், ஒஹாயோ
2024 மார்ச் 4

திரு. வெண்டல் மேப்ரி அவர்களுக்கு,

என் பெயர் மார்சி ஹுடாக். 1986 நவம்பர் 15, சனிக்கிழமை, மார்க்கெட் தெரு இசைத்தட்டுக் கடையில் நீங்களும் உங்கள் பெரியம்மா மகன் கர்ட்டிஸும் கொள்ளையடித்தபோது சுடப்பட்டுச் செத்த ராண்டியின் அக்கா. சுட்டது கர்ட்டிஸ் என்பது தெரியும். அவர் சிறையிலேயே இறந்துபோனதும் தெரியும். அன்று கடையில் இருந்த மூன்று பேரில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இது மன்னிப்புக் கடிதம் அல்ல. அக்டோபரில் உங்கள் விடுதலை மனு விசாரணைக்கு வருகிறது என்று குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பதில் போட்டால் நான் உங்களுக்காக நல்ல வார்த்தை பேசப்போவதில்லை. போடாவிட்டால் கூடுதலாகக் கெட்ட வார்த்தை பேசப்போவதும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் உள்ளே போனபோது கடையில் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது?

பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ராண்டி இருந்த கடையில் பாட்டு ஓடாமல் இருந்திருக்காது. அது எந்தப் பாட்டு என்று தெரியாததால் எனக்கு எல்லாப் பாட்டும் அதுவாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். அவருக்கு எண்பதுகளின் பாட்டு என்றால் உயிர். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தலைமுடியை இழுத்து விட்டுக்கொள்வேன். இப்போது மளிகைக் கடையில் அதுதான், பெட்ரோல் பங்க்கில் அதுதான். என் மகள் டாரா மாதம் ஒரு முறை பஞ்சுமிட்டாய் மாதிரி விக் வைத்துக்கொண்டு, தோளில் திண்டு வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு 'எண்பதுகள் இரவு' என்ற ஆட்டத்துக்குப் போகிறாள். "ஜாலியான காலம்மா அது. உனக்கு மட்டும் ஏன் புடிக்கல?" என்கிறாள். நாடே அந்தப் பத்து வருடத்தைக் கொஞ்சுகிறது. நான் தள்ளுவண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கடையிலிருந்து வெளியே ஓடுகிறேன்.

எது என்று தெரிந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படுவேன். மற்றதெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்கு அறுபது வயதாகிறது.

மார்சி ஹுடாக்

*

2024 மார்ச் 19

மிஸ் ஹுடாக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிறை ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். "இஷ்டம் இருந்தா படி, இல்லன்னா திருப்பி அனுப்பிடலாம்"னு சொன்னார். வாங்கிக்கொண்டு வந்து படித்தேன்.

முப்பத்தேழு வருடமாக நான் உங்களுக்கு எழுதக்கூடாது என்று சட்டம். அதனால் எழுதாமல் இருப்பது சுலபமாக இருந்தது. இப்போது நீங்களே கேட்டுவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்கட்டுமா? நீங்கள் அதைக் கேட்கவில்லை. சரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பாட்டின் பெயரை இத்துடன் வேறு ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்க மனமில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். நல்ல பாட்டு. சந்தோஷமான பாட்டு. அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அந்தப் பத்து வருடம் தவிர வேறு இல்லை, மிஸ் ஹுடாக். நான் வெளியில் கேட்ட கடைசிப் பாட்டுகள் அவைதான். இங்கே முதலில், உள்ளே எதையும் ஒளிக்க முடியாதபடி உடம்பு கண்ணாடி மாதிரித் தெரிகிற கேசட் பாடும் பெட்டி வைத்துக்கொள்ள விட்டார்கள். பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். பொதுக் கூடத்து ரேடியோ மட்டும் நிற்கவில்லை. என் வயதுப் பாட்டுகளை ஒருநாள் 'பழைய பாடல்கள்' நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து அறைக் கிழவர் சிரித்தார். "வாப்பா வெண்டல், நீயும் எங்க கூட்டத்துல சேந்துட்ட." அப்போது எனக்கு முப்பத்தைந்து.

வெண்டல் மேப்ரி

*

2024 ஏப்ரல் 2

மேப்ரி,

துண்டுத் தாளைப் பிரிக்க நான்கு நாள் ஆனது. ஐந்தாவது நாள் காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுவதும் கேட்டேன். அழுதேன். ராண்டிக்கு இது பிடித்திருக்கும் என்றுகூட நினைத்தேன். அன்று மாலை நானே டாராவிடம் அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னேன். முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவை.

"சூப்பர் பாட்டும்மா. எய்ட்டி செவன்ல வந்தது" என்றாள்.

பிப்ரவரி 1987. நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகையிலும் பார்த்துவிட்டேன். என் தம்பியைப் புதைத்து மூன்று மாதம் கழித்து வெளிவந்த பாட்டு.

எத்தனையோ பொய்யைக் கோர்ட்டில் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு என்ன அவசியம்?

மார்சி ஹுடாக்

*

2024 ஏப்ரல் 20

மிஸ் ஹுடாக் அவர்களுக்கு,

பொய்தான். உங்களுக்கு ஒரு நல்ல பாட்டு கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அது பாதி. மீதிப் பாதி, உண்மையைச் சொன்னால் எனக்கு ஆபத்து. இங்கே எங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும்.

நானும் கர்ட்டிஸும் ஒன்றாக உள்ளே போனோம் என்றுதான் கோர்ட்டில் சொன்னேன். அப்படி இல்லை. கர்ட்டிஸ் காரில் இருந்தான். வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க நான் மட்டும் முதலில் போனேன். மணி ஐந்தரை இருக்கும். உங்கள் தம்பி மட்டும் இருந்தார். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாத பாட்டே கிடையாது அப்போது. ரேடியோவில் வாராவாரம் சொல்லும் முதல் நாற்பது பாட்டையும் எழுதி வைப்பவன் நான். இது தெரியவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரு இது? ரேடியோல கேட்டதில்லையே."

"கேட்டிருக்க முடியாது. நான்தான்" என்றார்.

"நீயா? சும்மா கதை விடாத."

"சத்தியமா! எங்க வீட்டு பேஸ்மென்ட்ல பண்ணது. நடுவுல டொம் டொம்னு வருது பாரு, அது டிரம் இல்ல. எங்க அக்கா மேலேர்ந்து தரையை மிதிக்கிறா, நிறுத்துடான்னு. தாளத்துக்குக் கரெக்டா உக்காந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து நிமிடம் பேசியிருப்போம். நான் கிளம்பும்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். "எடுத்துக்க, சும்மாதான். ஒருத்தனாவது கேக்கணும்ல."

அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கர்ட்டிஸ் கேட்டான்: "எத்தனை பேரு?"

"கூட்டமா இருக்கு, இன்னொரு நாள் வரலாம்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கர்ட்டிஸ் கேட்டிருப்பான், அவனுக்கே உதறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தன்தான்"னு சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஓடும்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறும் திங்களும் மாமா காரில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை பாலத்தில் நின்று ஆற்றில் எறிந்தேன். செவ்வாய் காலையில் பிடித்தார்கள்.

வெண்டல் மேப்ரி

*

2024 மே 30

திரு. மேப்ரி,

ஆறு வாரமாக எழுத முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவை உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நீங்கள் சொல்லாத அந்தப் பொய்யைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கூட்டமா இருக்கு, இன்னொரு நாள் வரலாம். பாத்திரம் கழுவும்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு சின்னது.

தரையை மிதித்தது நான்தான். ஊரின் எஃகு ஆலைகள் மூடி அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். நான் பகலில் வேலைக்குப் போய் மாலையில் கணக்கியல் படிக்கப் போவேன். இவன் கீழே ஒரு சின்ன எலெக்ட்ரிக் கீபோர்டை வைத்துக்கொண்டு, நனைந்த பூனை மாதிரிக் கத்திக்கொண்டிருப்பான். குதிகாலால் மிதிப்பேன். "யார்றா கேக்கப்போறா உன் பாட்ட? நாய் கூட கேக்காது!" என்பேன். அவன் கீழேயிருந்து, "நாய் நேத்தே கேட்டுருச்சு, அதுக்குப் புடிச்சிருக்கு!" என்று கத்துவான்.

அவன் செய்த ஒரு பாட்டையும் நான் முழுதாகக் கேட்டதில்லை. ஒன்றைக்கூட. அவன் செத்த அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா பேஸ்மென்டில் இருந்த அத்தனையையும் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டார். அம்மா தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. கடையின் டேப்பில் இருந்த கேசட்டாவது இருக்கிறதா என்று போன வாரம் போலீஸில் விசாரித்தேன். அந்தக் காலத்துச் சாமான்களை விதிப்படி எப்போதோ அழித்துவிட்டார்களாம். "ஒண்ணும் இல்லைங்க மேடம், சாரி" என்று சொன்ன பெண் என் மகளைவிடச் சின்னவள்.

ஆக, அவன் பாட்டைக் கேட்ட ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். இதை எழுதவே கை கூசுகிறது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா?

மார்சி ஹுடாக்

*

2024 ஜூன் 14

மிஸ் ஹுடாக் அவர்களுக்கு,

நினைவிருக்கிறது. மறக்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் பல் துலக்கும்போது மனதுக்குள் பாடுவேன். இது வரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சொற்கள் இவை:

சிக்னலே, பச்சை காட்டாதே,
பக்கத்துக் காரில் அவள் இருக்கிறாள்.
அவள் ரேடியோவில் என்ன பாட்டென்று
உதடு பார்த்துக் கண்டுபிடிக்கிறேன்.
சிக்னலே, நீ கெட்டுப் போ,
இந்த ஊரில் எல்லாம் கெட்டுத்தானே கிடக்கிறது.

கடைசி வரியில் அவர் குரலிலேயே சிரிப்பு வரும். இன்னொரு சரணம் இருந்தது. அதில் மழையும் வைப்பரும் வரும். அது போய்விட்டது. எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் வரவில்லை.

மெட்டை எப்படி எழுதுவது? எனக்கு இசைக் குறிப்பு தெரியாது. இங்கே தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் யூபேங்க்ஸ் என்ற பெரியவர் இருக்கிறார். அவரிடம் பாடிக் காட்டினால் குறிப்பாக எழுதித் தரலாம். ஆனால் காகிதத்தில் இருக்கும் புள்ளிகளை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? நீங்கள் அலுவலகத்தில் கேட்டால், அவர்கள் ஆள் ஒருவர் கூடக் கேட்டுக்கொண்டிருக்க, பதினைந்து நிமிடம் போனில் பேச விடுவார்களாம். நான் கேட்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை.

வெண்டல் மேப்ரி

*

2024 ஆகஸ்ட் 11

திரு. மேப்ரி,

அலுவலகம் ஏற்பாடு செய்த அந்தப் பேச்சில், நீங்கள் பாடி முடித்ததும் போனை நான் சட்டென்று வைத்துவிட்டதற்கு வருந்துகிறேன். உங்கள் குரல் அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சொற்கள் வேண்டாம், மெட்டை மட்டும் பாடுகிறேன் என்று நீங்கள் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. சொற்களோடு கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

அது கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். துணி மடிக்கும்போது, பிரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையும்போது. சாயங்காலம் டாரா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா! நீ எப்பலேர்ந்து இந்தப் பாட்டெல்லாம் பாடுற?"

"எந்தப் பாட்டு?"

"இதான், இப்ப நீ பாடினியே. போன எண்பதுகள் இரவுல மூணு தடவ போட்டாங்க. எல்லாரும் கூடவே கத்தினோம்."

போனில் போட்டுக் காட்டினாள். அதேதான். ஏற்றமும் இறக்கமும், நடுவில் நீங்கள் மூச்சு வாங்கிய இடமும்கூட. 1984இல் வந்ததாம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. இத்தனை வருடம் காதை அடைத்துக்கொண்டே வாழ்ந்ததில் எனக்கு மட்டும் மறந்தே போயிருக்கிறது.

இதை உங்களுக்கு எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் நமக்குள் இனிப் பொய் வேண்டாம். ராண்டி அதைத் திருடினானா? இல்லை, நீங்கள் மறுபடியும் என்னிடம் விளையாடுகிறீர்களா?

மார்சி ஹுடாக்

*

2024 ஆகஸ்ட் 25

மிஸ் ஹுடாக் அவர்களுக்கு,

விளையாடவில்லை. உங்களோடு பேசுவதற்கு ஒரு வாரம் முன்னால் யூபேங்க்ஸிடம் பாடிக் காட்டினேன். பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். "இது நீ சொல்ற அந்தப் பையன் பாட்டு இல்லப்பா, ஊருக்கே தெரிஞ்ச பாட்டு." நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். "உனக்கு வயசாயிடுச்சு, காது போயிடுச்சு" என்றேன். அந்த நல்ல மனிதர் கீபோர்டை மூடிவிட்டார்.

இரவெல்லாம் யோசித்தேன். கூடத்து ரேடியோ காலையில் எட்டு மணிக்குப் போட்டால் விளக்கு அணைக்கும்வரை ஓடும். முப்பத்தேழு வருடம். உங்கள் தம்பியின் பாட்டை நான் கேட்டது இரண்டே நாள். ரேடியோப் பாட்டு அவர் பாட்டின் மேல் எப்போது ஏறி உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன், மிஸ் ஹுடாக். கையைத் திறந்து பார்த்தால் வேறு எதுவோ இருக்கிறது.

தெரிந்தும் ஏன் பாடினேன் என்று கேட்பீர்கள். நீங்கள் போன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பீர்கள். ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை யூபேங்க்ஸ் சொல்வது தப்பாக இருக்கலாம் என்றும் இருந்தது. அந்த ஆசையில்தான் பாடினேன்.

சொற்கள் மட்டும் அவருடையவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெண்டல் மேப்ரி

*

2024 அக்டோபர் 27

வெண்டல்,

விடுதலை மனுவின் முடிவு உங்களுக்கும் வந்திருக்கும். இன்னும் ஐந்து வருடம்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நீங்கள் நம்ப வேண்டும். விசாரணைக் குழுவிடமே அதன் நகல் இருந்தது. வீடியோத் திரை வழியாக நடந்த விசாரணையில் அதைப் படித்துக் காட்டினார்கள். 'ஒருத்தன்தான்' என்ற இடத்தில் நிறுத்தி, இத்தனை வருடம் மறைத்தவர் இன்னும் என்னென்ன மறைக்கிறாரோ என்று ஒருவர் கேட்டார். நீங்கள் தலை குனிந்திருந்தது இந்தப் பக்கம் தெரிந்தது. முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறேன், உங்களுக்கு நரை முழுதாக விழுந்திருக்கிறது.

என் முறை வந்தபோது, நான் கேட்டதால்தான் அவர் சொன்னார் என்றேன். உண்மை சொன்னதற்குத் தண்டனை கொடுக்காதீர்கள் என்றேன். உங்களை வெளியே விடச் சொன்னேனா? இல்லை. அது என் வாயில் வரவில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தலைவர் மிகவும் மரியாதையாக, "உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா" என்றார். நான் சொன்னது ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. ராண்டியின் அக்கா அழுகிறாள் என்பது மட்டும்தான் விழுந்தது.

இன்னொன்று. போன ஞாயிறு டாராவும் நானும் அந்தச் சொற்களை அந்த 1984 மெட்டில் வைத்துப் பாடிப் பார்த்தோம். உட்காரவில்லை. 'பச்சை காட்டாதே' என்பதற்கு இடமே இல்லை, பிதுங்கி வெளியே நிற்கிறது. டாரா இழுத்தும் பார்த்தாள், நறுக்கியும் பார்த்தாள். "இதுக்கு வேற மெட்டும்மா. கண்டிப்பா வேற" என்றாள். ஆக அவன் திருடவில்லை. அவனுடையது என்று ஒன்று இருந்திருக்கிறது. அது இனி எங்கேயும் இல்லை.

ஐந்து நிமிடம் பேசினோம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதியதை நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரத்தில் என்ன பேசினான்? பாட்டைப் பற்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வானிலை, சாப்பாடு, எதுவானாலும். என்னைப் பற்றித் திட்டியிருந்தால் அதையும்.

மார்சி

*

2024 நவம்பர் 12

மிஸ் ஹுடாக் அவர்களுக்கு,

நீங்கள் எனக்காகப் பேசியது எனக்குத் தெரியும். எங்கள் பக்கமும் சத்தம் கேட்டது. ஐந்து வருடத்தைப் பற்றி வருத்தப்படாதீர்கள். வெளியே விட்டிருந்தாலும் எங்கே போயிருப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு இரண்டு வாரமாக உட்கார்ந்து யோசித்தேன். அவர் நீலச் சட்டை போட்டிருந்தார் என்று எழுதினேன். பிறகு, அது கோர்ட்டில் காட்டிய படத்தில் பார்த்தது என்று தோன்றியது. அக்கா நல்லாப் படிக்கிறா, பெரிய ஆளா வருவா என்று அவர் சொன்னதாக எழுதினேன். நன்றாக இருந்தது. உங்களுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன்.

அவர் சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை. ஐந்து நிமிடத்தில் எனக்கு நினைவிருப்பது உங்களுக்கு முன்பே எழுதியவை மட்டும்தான். எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான், மிஸ் ஹுடாக். வேறு ஒன்றும் இல்லை.

வெண்டல்